சாயம் சொல்லும் பூர்வீகம்: தொண்டைக் கட்டி கார்சினோமாவா, லிம்போமாவா?

கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் பக்கத்துச் சொந்தங்களின் நம்பிக்கை. பொள்ளாச்சியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் லேப் ரிப்போர்ட்டைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பி, "இதுல என்னங்க போட்டிருக்கு?" என்று கேட்பார்கள். நான் மருத்துவன் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். "டாக்டர்கிட்டயே கேளுங்க" என்பதுதான் என் பதில். ஆனாலும் தொண்டைக் கட்டி பயாப்சி ரிப்போர்ட்டுகளில் வரும் ஒரு வரி என்னைப் பல மாதம் படிக்க வைத்தது. அதன் சாரம் இதுதான்: இது வீரியமுள்ள கட்டி, ஆனால் செல்களின் தோற்றத்தை மட்டும் வைத்து வகை சொல்ல முடியவில்லை, கார்சினோமாவா லிம்போமாவா என்று பிரித்தறிய இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி செய்யவும்.

வீட்டில் உடனே ஒரு கேள்வி வரும். "அதான் சதை எடுத்துக் குடுத்தாச்சு, புத்துநோய்னும் சொல்லியாச்சு. அதே சதைக்கு எதுக்கு ரெண்டாவது டெஸ்ட்டு? பணம் வேற தனியா கட்டணுமாமே?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல நூற்றைம்பது வருஷக் கதையைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கதையில் சாயப்பட்டறையும் வருகிறது, எவரெஸ்ட் ஏறிய ஒரு நெய்யூர் டாக்டரும் வருகிறார்.

பெயர் ஒன்று, நோய் இரண்டு

"தொண்டையில் புற்றுநோய்" என்று நாம் ஒரே பெயரில் சொல்வது ஒரு நோய் அல்ல. தொண்டையின் உட்புறத்தில் ஒரு தோல் இருக்கிறது. நம் வெளித்தோலுக்குச் சொந்தக்காரன். அதற்கு எபிதீலியம் என்று பெயர். அந்தத் தோலில் பிறக்கும் புற்று கார்சினோமா. அதற்கு அடியில் டான்சில் போன்ற நிணநீர்த் திசு இருக்கிறது. கிருமி வந்தால் சண்டை போடும் லிம்போசைட் என்கிற வெள்ளை அணுக்களின் முகாம். அந்த அணுக்களில் பிறக்கும் புற்று லிம்போமா.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. விழுங்கச் சிரமம், குரல் மாற்றம், ஒரு பக்கத்து டான்சில் மட்டும் பெரிதாக இருப்பது, கழுத்தில் "நெறி கட்டியிருக்கு" என்று நாம் சொல்வது. ஆனால் சிகிச்சை முற்றிலும் வேறு. தொண்டைக் கார்சினோமாவுக்கு அறுவை, கதிர்வீச்சு, தேவைப்பட்டால் அதோடு சேர்த்து மருந்து. லிம்போமாவுக்கு மருந்துதான் முதல் ஆயுதம். அங்கே கத்திக்கு வேலை பெரும்பாலும் பயாப்சி எடுப்பதோடு முடிந்துவிடும்.

குரல்வளை முழுவதையும் எடுக்கும் அறுவையை வியன்னாவில் பில்ரோத் புற்றுநோய்க்காக முதன்முதலில் செய்தது 1873 டிசம்பர் 31 அன்று. அந்த அறுவைக்குப் பிறகு மனிதனுக்கு இயல்பான குரல் இல்லை. கார்சினோமாவுக்கு அது உயிர் காக்கும் விலையாக இருக்கலாம். லிம்போமாக்காரருக்கு அதைச் செய்தால், மருந்தில் கரைந்திருக்கக்கூடிய ஒரு கட்டிக்காக அவர் பேச்சை இழக்கிறார். மறுபுறம், கார்சினோமாவை லிம்போமா என்று நினைத்துத் தப்பான மருந்து கொடுத்தால், அறுத்து எடுத்திருக்கக்கூடிய கட்டி அந்த மாதங்களில் பரவிவிடும். ரிப்போர்ட்டின் அந்த ஒரு வரியில் இவ்வளவும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

வால்டையர் என்ற மனிதர்

இந்த விஷயத்தைத் தேடப்போனால் வில்ஹெல்ம் வால்டையர் என்ற ஜெர்மானிய உடற்கூறியலாளர் திருப்பத்துக்குத் திருப்பம் எதிரே வந்து நிற்கிறார்.

1860-கள் வரை புற்றுநோய் எங்கே பிறக்கிறது என்பதிலேயே தெளிவில்லை. அந்தக் காலத்தின் மிகப் பெரிய நோயியல் அறிஞரான ருடால்ஃப் விர்ஹோ, கார்சினோமா இணைப்புத் திசுவிலிருந்து வருகிறது என்று நம்பினார். தோல் புற்று தோலின் செல்களிலிருந்தே வருகிறது என்று 1865-ல் தீர்ஷ் காட்டினார். 1867-ல் வால்டையர் அதை மற்ற உறுப்புகளுக்கும் விரித்து, கார்சினோமாக்கள் எபிதீலியத்தில்தான் பிறக்கின்றன என்றார். அதாவது கட்டிக்கு ஒரு பூர்வீகம் உண்டு, அதை வைத்துத்தான் அதற்குப் பெயர் என்ற எண்ணம் உறுதிப்பட்டது.

அதே வால்டையர் 1884-ல் மூக்கின் பின்புறம், இரு டான்சில்கள், நாக்கின் அடி என்று தொண்டையைச் சுற்றி ஒரு வளையம்போல நிணநீர்த் திசு இருப்பதை விவரித்தார். இன்றும் அதற்கு "வால்டையர் வளையம்" என்றே பெயர். தலை, கழுத்துப் பகுதியில் கணுக்களுக்கு வெளியே லிம்போமா தோன்றும் முக்கியமான இடம் இதுதான்.

ஆக, கார்சினோமாவின் பூர்வீகத்தைச் சொன்னவரும், லிம்போமா உட்காரும் நாற்காலியைக் காட்டியவரும் ஒரே ஆள். நம்முடைய குழப்பத்துக்குக் காரணமும் அவர் வரைந்த படத்திலேயே இருக்கிறது. தொண்டையில் தோலும் நிணநீர்த் திசுவும் அடுத்தடுத்த வீடு. பொதுச் சுவர்.

பட்டத்து இளவரசரின் குரல்வளை

தொண்டை பயாப்சியின் வரலாற்றில் மிகப் பிரபலமான வழக்கு ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் ஃபிரெடரிக்குடையது. அது கார்சினோமா-லிம்போமா வழக்கு அல்ல, "புற்றா, இல்லையா" என்கிற வழக்கு. ஆனாலும் நம் கதைக்கு அடிப்படையான ஒரு பாடம் அதில் இருக்கிறது.

1887 தொடக்கத்தில் அவருக்குக் குரல் கம்மியது. குரல் நாணில் ஒரு வளர்ச்சி. ஜெர்மன் மருத்துவர்கள் புற்று என்று சந்தேகித்து, மே மாதம் தொண்டையைத் திறந்து அறுவை செய்யத் தயாரானார்கள். லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட மோரெல் மெக்கன்சி, "முதலில் ஒரு துண்டு எடுத்துப் பார்ப்போம்" என்றார். துண்டு விர்ஹோவிடம் போனது. புற்று இல்லை என்றார் விர்ஹோ. அடுத்த வாரங்களில் மேலும் துண்டுகள் போயின. அப்போதும் அதே பதில்தான். அறுவை கைவிடப்பட்டது. நவம்பரில் இத்தாலியின் சான் ரெமோவில் புற்று என்பது கண்ணுக்கே தெரிந்தது. 1888 பிப்ரவரியில் மூச்சுக்குழாயைத் திறக்க வேண்டி வந்தது. மார்ச்சில் அவருடைய சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து அது எபிதீலியப் புற்று என்று உறுதி செய்தவர் யார் தெரியுமா? நம்ம வால்டையர்தான். அதே மாதம் பேரரசரான ஃபிரெடரிக், 99 நாள் மட்டும் ஆண்டு, ஜூன் 15 அன்று இறந்தார்.

விர்ஹோவை எல்லோரும் குறை சொன்னார்கள். ஆனால் அவர் தன் கைக்கு வந்த துண்டுகளைப் பற்றி மட்டுமே கருத்துச் சொன்னார், அதை வைத்து முழு நோயையும் தீர்மானிக்க முடியாது என்கிற எச்சரிக்கையும் அவர் அறிக்கையில் இருந்தது. லேப் என்பது அனுப்பிய துண்டுக்குத்தான் பதில் சொல்லும். அனுப்பாத துண்டுக்கு அல்ல. இன்றைக்கும் "சதை பத்தலை, திரும்ப எடுக்கணும்" என்று சொல்லும்போது யாரும் நம்மை ஏமாற்றவில்லை. 1887-ன் பாடத்தைத்தான் சொல்கிறார்கள்.

படிகாரமும் சாயமும்

சதைத் துண்டை அப்படியே மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒன்றும் தெரியாது. எல்லாம் நிறமற்ற கண்ணாடி மாதிரி இருக்கும். அதற்குச் சாயம் ஏற்ற வேண்டும். இந்த இடத்தில் திருப்பூர், ஈரோட்டுக்காரர்கள் நிமிர்ந்து உட்காரலாம். நோயியல் என்ற துறையே சாயத் தொழிலின் பங்காளி.

மத்திய அமெரிக்கக் காடுகளில் வளரும் லாக்வுட் என்ற மரத்தின் வைரத்திலிருந்து வருவது ஹெமடாக்சிலின். ஐரோப்பாவில் துணிக்குக் கறுப்புச் சாயம் ஏற்றப் பயன்பட்ட சரக்கு. 1863-ல் திசுவுக்கு அதைப் பயன்படுத்திப் பார்த்தவர்களில் மறுபடியும் வால்டையர் இருக்கிறார். ஆனால் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை. 1865-ல் போமர் என்பவர் அதில் படிகாரத்தைச் சேர்த்தார். பிடித்துக்கொண்டது! சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பருத்தியில் இயற்கைச் சாயம் ஒட்ட வேண்டும் என்றால் படிகாரம் வேண்டும். செல்லின் உட்கருவில் ஒட்டவும் அதே படிகாரம்தான் தேவைப்பட்டது.

இரண்டாவது சாயம் இயோசின். 1856-ல் வில்லியம் பெர்கின் என்ற லண்டன் மாணவர் மலேரியாவுக்கான குவினைனைச் செயற்கையாகச் செய்யப்போய், தவறுதலாக ஊதா நிறச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அதே குவினைனுக்காகத்தான் 1860-களில் நம் நீலகிரியில் சின்கோனா மரங்களை நட்டார்கள் என்பது பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டிய சங்கதி. பெர்கினுக்குப் பின் செயற்கைச் சாயங்கள் வரிசையாக வந்தன. 1874-ல் ஹைன்ரிஷ் காரோ கண்டுபிடித்த இளஞ்சிவப்புச் சாயம் இயோசின். 1876-ல் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். உட்கரு நீலம், மற்றதெல்லாம் இளஞ்சிவப்பு. இன்றைக்கும் கோயம்புத்தூரில் எந்த லேபில் பயாப்சி கொடுத்தாலும் முதலில் ஏறுவது இந்த ஜோடிச் சாயம்தான். நூற்றைம்பது வருஷமாக மாறாத ஒரு தொழில்நுட்பம் மென்பொருளில் இருந்தால் சொல்லுங்கள்.

துண்டைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினும் இப்படித்தான் வந்தது. 1893-ல் ஃபெர்டினாண்ட் ப்ளூம் அதைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது தன் விரல் நுனி விறைத்துப்போனதைக் கவனித்தார். விரலை விறைக்க வைப்பது திசுவையும் விறைக்க வைக்கும் இல்லையா? அன்றிலிருந்து ஃபார்மலினில் ஊறவைத்து, ஆல்கஹாலில் தண்ணீரை நீக்கி, மெழுகில் பதித்து, சில மைக்ரான் கனத்துக்குச் சீவி, சாயம் ஏற்றுவது என்பது வழக்கமாகிவிட்டது. அந்த மெழுகுக் கட்டிக்குத்தான் "பிளாக்" என்று பெயர். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

நம்ம பக்கத்துத் தொண்டை

இந்தச் சாயத்தை வைத்துக்கொண்டு ஒரு பேத்தாலஜிஸ்ட் எதைத் தேடுவார்? செல்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு கும்பலாக நின்றால், நடுவில் முத்துப்போல கெரட்டின் உருண்டை இருந்தால் கார்சினோமா. செல்கள் ஒட்டாமல் சந்தைக் கூட்டம் மாதிரி தனித்தனியாகப் பரவிக் கிடந்தால் லிம்போமா. பெரும்பாலான கேஸ்கள் இதிலேயே முடிந்துவிடும்.

அதுவும் தமிழ்நாட்டில் பெரும்பாலும் கார்சினோமாதான் வரும் என்று எதிர்பார்க்கக் காரணம் இருக்கிறது. 1902-லேயே மெட்ராஸில் பணியாற்றிய நிப்லாக் என்ற மருத்துவர் இங்கு வாய்ப் புற்று மிகுந்திருப்பதையும் வெற்றிலை போடும் பழக்கத்தையும் இணைத்து எழுதினார். 1933-ல் நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் ஐயன் ஓர், வெற்றிலை-பாக்கு போடுபவர்களின் வாய்ப் புற்றுநோய் பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார். அன்று தென் திருவிதாங்கூர், இன்று கன்னியாகுமரி மாவட்டம்.

நெய்யூரில் அவரோடு இருந்தவர் ஹோவர்ட் சோமர்வெல். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் போனவர். 1924-ல் இறங்கி வரும்போது பனியில் உறைந்த அவருடைய தொண்டையின் உள்தோல் உரிந்து மூச்சை அடைத்துக்கொண்டது. நெஞ்சை இரு கைகளாலும் அழுத்தி இருமி அதைத் துப்பிப் பிழைத்தார். நான் மேலே சொன்ன எபிதீலியம் என்பது என்ன என்று இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியிருக்க முடியாது.

மெட்ராஸில் 1934-ல் பார்னார்டு கதிரியக்க நிலையம், பம்பாயில் 1941-ல் டாட்டா நினைவு மருத்துவமனை, அங்கே புகையிலைப் புற்றுகளை ஆராய்ந்த கானோல்கர், 1954-ல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் அடையாறு புற்றுநோய் நிலையம், கோவையில் 1966-ல் மருத்துவக் கல்லூரி என்று அடுத்தடுத்து நிறுவனங்கள் வளர்ந்தன.

பீடி, வெற்றிலை, புகையிலை என்று இருக்கும் ஊரில் தொண்டைக் கட்டி என்றால் முதல் சந்தேகம் கார்சினோமா மேல் விழுவது இயல்பு. எங்கள் தொழிலில் இதை "டீஃபால்ட்" என்போம். பெரும்பாலும் சரியாக இருப்பதுதான் டீஃபால்ட்டின் ஆபத்தும்கூட. எப்போதாவது வரும் லிம்போமா அந்தக் கும்பலில் ஒளிந்துகொள்ளும். ரிப்போர்ட்டில் "மேற்கொண்டு பரிசோதிக்கவும்" என்று எழுதும் பேத்தாலஜிஸ்ட் அந்த டீஃபால்ட்டை நம்ப மறுக்கிறார். அதற்காக அவருக்கு நன்றிதான் சொல்ல வேண்டும்.

வேஷம் போடும் கட்டிகள்

சில கார்சினோமாக்கள் தங்கள் பூர்வீக அடையாளத்தையெல்லாம் இழந்துவிடும். கெரட்டின் முத்து இருக்காது, கைகோத்தல் தெரியாது. மூக்குக்குப் பின்னால் வரும் ஒரு வகை இன்னும் மோசம். அதில் புற்றுச் செல்களோடு சாதாரண லிம்போசைட்டுகளும் கலந்து கிடக்கும். 1921-ல் பிரான்ஸில் ரெகோவும் ஜெர்மனியில் ஷ்மிங்கேவும் தனித்தனியாக இதை விவரித்தார்கள். "லிம்போஎபிதீலியோமா" என்று பெயர் விழுந்தது. பெயரிலேயே இரண்டு பக்கமும் இருக்கிறது பாருங்கள். உண்மையில் அது கார்சினோமா. லிம்போசைட்டுகள் வெறும் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். ரெகோ விவரித்த வடிவத்தில் செல்கள் கும்பலாக இருக்கும், ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஷ்மிங்கே வடிவத்தில் அவை ஒவ்வொன்றாகச் சிதறி லிம்போசைட்டுகளுக்குள் கலந்திருக்கும். அதை லிம்போமா என்று நினைக்க எல்லா நியாயமும் உண்டு. தென் சீனாவிலும், இந்தியாவில் நாகாலாந்து பக்கமும் இது அதிகம். நம் பக்கம் குறைவு.

முதலில் வந்த உபாயம் வெள்ளி. வெள்ளி உப்பை வைத்து ரெட்டிகுலின் என்ற மெல்லிய நார்களைக் கறுப்பாக்குவார்கள். கார்சினோமாவில் அந்த நார் ஒரு கும்பலைச் சுற்றி வேலி போட்டிருக்கும், லிம்போமாவில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஓடும். தோட்டத்துக்கு ஒரு வேலியா, மரத்துக்கு ஒரு வேலியா என்கிற வித்தியாசம். நல்ல யோசனைதான், ஆனால் மேலே சொன்ன சிதறல் வகையில் இதுவும் குழப்பும்.

பிறகு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப். எபிதீலிய செல்களை இணைக்கும் பொத்தான் போன்ற அமைப்புகளை அதில் நேரடியாகவே பார்க்கலாம். லிம்போசைட்டில் அந்தப் பொத்தான் இல்லை. துல்லியம் உண்டு, ஆனால் கருவியின் விலையும் ஆகும் நேரமும் மாவட்ட மருத்துவமனைக்குக் கட்டுப்படியாகாது.

இதே காலத்தில் இன்னொரு சாட்சி வந்தது. 1958-ல் உகாண்டாவில் டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர் குழந்தைகளின் தாடையில் வரும் ஒரு கட்டியைப் பற்றி எழுதினார். அவர் சர்கோமா என்று நினைத்தது, சில வருஷத்தில் லிம்போமா என்று தெளிவானது. 1964-ல் எப்ஸ்டீனும் குழுவினரும் அதன் செல்களில் ஒரு வைரஸைப் பார்த்தார்கள். அதுதான் எப்ஸ்டீன்-பார் வைரஸ். சரி, வைரஸ் இருந்தால் லிம்போமா என்று முடிவு கட்டலாமா? 1966-லேயே மூக்கடித் தொண்டைக் கார்சினோமா நோயாளிகளின் ரத்தத்திலும் அந்த வைரஸுக்கான ஆன்டிபாடி தென்பட்டது. 1970-ல் ட்சூர் ஹௌசன் குழு வைரஸின் டிஎன்ஏவை இரண்டு கட்டிகளிலும் காட்டியது. ரெண்டு கட்சிக்கும் சொந்தக்காரனான ஒரு சாட்சி! அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

ஆன்டிபாடி என்ற தூண்டில்

மென்பொருள்காரர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஒரு ஃபைலின் பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். படத்துக்கு ஆவணத்தின் பெயரை வைக்கலாம். உண்மையில் அது என்ன ஃபைல் என்று தெரிய, உள்ளே திறந்து முதல் சில பைட்டுகளைப் படிக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு வகைக்கும் ஒரு முத்திரை இருக்கும். இதுவரை நாம் பார்த்த சாயங்கள் எல்லாம் தோற்றத்தைத்தான் பார்த்தன. முத்திரையைப் படிக்கும் வழி ஆன்டிபாடி வழியாக வந்தது.

1941-ல் ஆல்பர்ட் கூன்ஸ் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தை ஒட்டினார். ஆன்டிபாடி தனக்குரிய புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும், சாயம் அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். 1966-ல் நகானேயும் பியர்ஸும் ஒளிரும் சாயத்துக்குப் பதில் ஒரு நொதியைக் கட்டினார்கள். அது இருக்கும் இடத்தில் பழுப்பு நிறம் படியும், சாதாரண மைக்ராஸ்கோப்பே போதும். 1974-ல் கிளைவ் டெய்லரும் கூட்டாளிகளும் மெழுகுப் பிளாக்குகளிலேயே இதைச் செய்யலாம் என்று காட்டினார்கள்.

ஆனால் ஆன்டிபாடி தரமாக, ஒரே மாதிரியாக, தீராமல் கிடைக்க வேண்டுமே? 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் ஆன்டிபாடி செய்யும் செல்லை மைலோமா என்ற புற்றுச் செல்லோடு இணைத்தார்கள். ஒரே ஆன்டிபாடியை ஓயாமல் சுரக்கும் கலப்புச் செல் பிறந்தது. 1984-ல் நோபல். இதில் எனக்குப் பிடித்த விஷயம், மைலோமா என்பது லிம்போமாவின் பங்காளி. அந்தக் குடும்பத்துப் புற்று ஒன்றைக் கூலிக்கு வைத்துத்தான் அந்தக் குடும்பத்தையே அடையாளம் காணும் கருவியைச் செய்திருக்கிறார்கள்.

அதன் பிறகு வேகம். 1982-ல் மோலும் ஃபிராங்கேயும் மனித கெரட்டின்களைப் பட்டியலிட்டார்கள். முடியிலும் நகத்திலும் இருக்கும் அதே குடும்பத்துப் புரதம் தொண்டைத் தோலின் செல்லுக்குள்ளும் எலும்புக்கூடு போல நிற்கிறது. கட்டி எவ்வளவு உருக்குலைந்தாலும் அந்தக் கூட்டைப் பெரும்பாலும் விடாது. 1983-ல் வார்ன்கி குழு, வெள்ளை அணுக்களுக்குப் பொதுவான முத்திரையை வைத்து லிம்போமாவை அடையாளம் காணலாம் என்று காட்டியது. இன்று அதற்கு சிடி45 என்று பெயர். 1991-ல் ஷி என்பவரும் குழுவினரும், ஃபார்மலினில் மறைந்துபோன முத்திரைகளைத் தண்ணீரில் போட்டு மைக்ரோவேவில் சூடாக்கினால் மீட்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். அதுதான் பழைய பிளாக்குகளையெல்லாம் பேச வைத்தது.

ஆக, சுருக்கமான விதி இது: கெரட்டின் பழுப்பாகி சிடி45 வெறுமையாக இருந்தால் கார்சினோமா. சிடி45 பழுப்பாகி கெரட்டின் வெறுமையாக இருந்தால் லிம்போமா. வீட்டில் கேட்கும் "ரெண்டாவது டெஸ்ட்டு" அடிப்படையில் இதுதான். முதல் டெஸ்ட் முகத்தைப் பார்த்தது, இரண்டாவது ஆதாரைப் பார்க்கிறது.

ஒரு சாட்சி போதாது

ஆனால் இதையும் "இது வந்தால் அது" என்று ஒற்றை வரி விதியாக எழுதிவிட முடியாது. சில லிம்போமாக்கள் சிடி45 முத்திரையைத் தொலைத்துவிடும். சில லிம்போமாக்களில் அபூர்வமாகக் கெரட்டின்கூடத் தலைகாட்டும். தோல்வகைக் கார்சினோமாவுக்கான பி63 என்ற முத்திரை சில லிம்போமாக்களிலும் வரும், அதன் தம்பியான பி40 இன்னும் கறாரானது. அதனால்தான் ஒரே ஆன்டிபாடி போடாமல் ஒரு குழுவாகப் போடுகிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் குறைந்தது இரண்டிரண்டு சாட்சிகள். பில்லில் ஐந்தாறு பெயர் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

லிம்போமா என்று தெரிந்தாலும் வேலை முடியாது. பி-செல்லா, டி-செல்லா? சிடி20 இருக்கிறதா? 1997-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிடுக்ஸிமாப் என்ற மருந்து சிடி20 முத்திரையைத்தான் குறிவைக்கிறது. நோயைக் கண்டுபிடிக்கும் முத்திரையே மருந்துக்கு முகவரியாகவும் ஆனது. ஃபார்மலினில் போடாத புதுத் துண்டு கிடைத்தால், செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடவிட்டு முத்திரைகளை எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும் செய்யலாம்.

பாட்டிலில் இருக்கும் துண்டு

இவ்வளவு படித்த பிறகு எனக்குப் புரிந்த ஒன்று: ஆன்டிபாடி எவ்வளவு நவீனமானாலும், விடை பெரும்பாலும் லேபுக்கு வெளியேயே தீர்மானமாகிவிடுகிறது. துண்டு எங்கிருந்து எடுக்கப்பட்டது, எவ்வளவு பெரியது, பாட்டிலில் என்ன ஊற்றினார்கள் என்பதில்.

கழுத்து நெறியையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்சினோமா சந்தேகம் என்றால் அதை நேரடியாகத் திறக்காமல், முதலில் ஊசியில் உறிஞ்சிப் பார்ப்பதும் தொண்டைக்குள் மூலக்கட்டியைத் தேடுவதும்தான் முறை. லிம்போமா சந்தேகம் என்றால் ஊசி பெரும்பாலும் போதாது, முழுக் கணுவையே எடுத்துக் கொடுத்தால்தான் வகை சொல்ல முடியும். எந்த நோய் என்று தெரிவதற்கு முன்னாலேயே, எந்த நோயாக இருக்கலாம் என்று யோசித்துத்தான் கை வைக்க வேண்டியிருக்கிறது. ஊசி போட்ட பிறகு மறுபடி கணுவை எடுக்கச் சொன்னால் அலைக்கழிப்பு என்று நினைக்க வேண்டாம். அதேபோல, காரணம் தெரியாத நெறிக்குத் தெரிந்த கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட்டால், லிம்போமா தற்காலிகமாகச் சுருங்கும். பயாப்சியில் ஒன்றும் தெரியாமல் போகும். "மாத்திரையில கேட்டுது" என்று நாம் சந்தோஷப்படும் அந்த மாதம்தான் நோய் ஒளிந்துகொள்ளும் மாதம்.

சிறு ஊர் மருத்துவமனைகளிலிருந்து துண்டு பாட்டிலில் கோவைக்கு வரும்போது, அது ஃபார்மலினிலா வருகிறது, துண்டு முங்கும் அளவுக்குத் தாராளமாக ஊற்றியிருக்கிறார்களா என்று கேட்பதில் தப்பே இல்லை. ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் இறங்கும். அவசரப்பட்டாலும் கெடும், வெறும் தண்ணீரில் கிடந்தாலும் கெடும். கெட்ட துண்டில் எந்த ஆன்டிபாடியும் ஒழுங்காகப் பேசாது.

கடைசியாக அந்த "பிளாக்". ரிப்போர்ட் காகிதம் தொலைந்தால் பரவாயில்லை, மறுபடி அச்சிடலாம். மெழுகு பிளாக்தான் மூல ஆவணம். நம் கிரயப் பத்திரம் மாதிரி. வேறு மருத்துவமனைக்குப் போனால் அங்கே கேட்பார்கள். முதல் லேபில் எழுதிக் கொடுத்து ஸ்லைடையும் பிளாக்கையும் வாங்கிப் போகலாம். பிளாக்கில் போதுமான திசு இருந்தால், மறுபடி ஒரு முறை தொண்டையில் கத்தி வைக்காமலேயே, அந்த மெழுகிலிருந்தே புதிதாகச் சீவிப் பல டெஸ்ட்டுகளைச் செய்யலாம்.

இதற்கு ஒரு பழைய சான்றும் உண்டு. 1832-ல் லண்டனில் தாமஸ் ஹாட்ஜ்கின் ஏழு பேரின் வீங்கிய நிணநீர்க் கணுக்களைப் பற்றி, மைக்ராஸ்கோப் இல்லாமலேயே, வெறும் கண்ணால் பார்த்து எழுதினார். இன்றைய ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்கு அதனால்தான் அந்தப் பெயர். அவர் வேலை பார்த்த கய்ஸ் மருத்துவமனை அந்தத் துண்டுகளில் சிலவற்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது. 1926-ல் ஹெர்பர்ட் ஃபாக்ஸ் மூன்று பேருடைய துண்டுகளைச் சீவிச் சாயம் ஏற்றிப் பார்த்தார். மூன்றும் ஒரே நோய் அல்ல என்று தெரிந்தது. தொண்ணூற்று நான்கு வருஷம் கழித்து! எடுத்த துண்டு பத்திரமாக இருந்தால், இன்று இல்லாத கேள்விக்கும் நாளைக்குப் பதில் கிடைக்கும்.

அதனால் சொந்தக்காரர்களுக்கு நான் இப்போது சொல்வது இவ்வளவுதான். ரெண்டாவது டெஸ்ட் என்றால் முதல் டெஸ்ட் தப்பு என்று அர்த்தமில்லை. பணம் கஷ்டமாக இருந்தால் அதை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லி, எங்கே குறைந்த செலவில் செய்யலாம், அரசுக் காப்பீட்டில் வருமா என்று கேளுங்கள். ஆனால் அந்த விடை வருவதற்கு முன்னால் அறுவைக்கோ மருந்துக்கோ அவசரப்பட வேண்டாம். மூச்சுக்கோ விழுங்குவதற்கோ உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் கதை வேறு, அதை டாக்டரே சொல்வார். மற்றபடி, காத்திருக்கும் அந்தச் சில நாளில்தான் சிகிச்சையின் திசை தீர்மானமாகிறது.